பீப்பாக் கொட்டில் பாட்டு அன்ரி

நான் இங்கிலீசில் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைக்க இந்த நாட்டில் ஆளுக்கு ஆள் முந்துவார்கள். காய்கறிக் கடையில் "எனக்கு..." என்று இழுத்தால் போதும், கடைக்காரர் "உருளைக்கிழங்கு" என்று தானே சொல்லிப் பையில் போட்டுவிடுவார். வெங்காயம் வாங்கப் போய் உருளைக்கிழங்கோடு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. டொக்டரிடம் வயிற்று நோவைச் சொல்லப் போய்த் தலையிடி மருந்தோடு திரும்பியிருக்கிறேன். குற்றமாகச் சொல்லவில்லை. உதவி என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்தார்கள். ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் இங்கிலீசு வந்து சேரும்வரை பொறுத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை.

பொறுத்திருந்தவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் வீட்டுக்காரருக்கு ரெயில் பெட்டி திருத்தும் பட்டறையில் வேலை. பட்டணத்துக்கு மேற்கே பிளாக்டவுன் என்ற ஊரில் வாடகைக்கு இருந்தோம். இன்றைக்கு அங்கே வீடும் கடையுமாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அப்போது ஊரைவிட்டு வெளியே போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் வெறும் வெளி, மாடு, கோழிப் பண்ணை, தக்காளித் தோட்டம். அவற்றுக்கு நடுவில் ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் தன் கையாலேயே கொடி நட்டு, பழம் பிழிந்து, வைன் செய்து விற்றார். அவரை நான் முதலாளி என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டு மோல்ற்றாக்காரி, மோல்ற்றாத் தீவிலிருந்து வந்தவள், அங்கே கிளாஸ் கழுவப் போகிறவள். "இன்னொரு ஆள் தேவையாம், வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் முதலாளியின் மனைவிக்கு முன்னால் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: எனக்கு வேலை வேண்டும், வைனைத் தொட்டுக் குடிக்க மாட்டேன், கழுவ மட்டும் வருவேன். "எனக்கு... வேலை..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். அந்த மனுசி கையிலிருந்த துவாயை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வைன்... நான்..." அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. யாரும் குறுக்கே வராததால் வசனத்தை எங்கே நிறுத்துவது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சுவாமியைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மரக்கறி என்று சொன்னேன். மகனுக்கு இழுப்பு வருவதைச் சொன்னேன். வீட்டுக் கூரை ஒழுகுவதையும் சொன்னேன். எல்லாம் தீர்ந்து நான் மூச்சு விட்ட பிறகு அவர் கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அப்ப திங்கக்கிழமை வாரும். கூரையை உம்மட வீட்டுக்காரர் பார்க்கட்டும்."

அவர் பேசின இங்கிலீசை எங்கள் வீட்டுத் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்குள் அந்தக் குரல் அப்படித்தான் கேட்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. வருசத்தில் ஒருநாள் அவர் நடத்திய பாட்டு விழாவுக்கு ஒட்டுகிற நோட்டீசில் பாடுகிறவர்களின் பெயர் இருக்கும், வைன்களின் பெயர் இருக்கும், அவர் பெயர் இராது. என் பிள்ளைகள் "பாட்டு அன்ரி" என்று கூப்பிட்டார்கள். அவர்களின் வாயால் நானும்.

வைன் கிளாஸ் கழுவின கையால் வீட்டில் விளக்கேற்றலாமோ என்பது எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. கேட்பதற்கு எனக்குத் தெரிந்த கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. உடுப்பு அலுமாரியின் மேல் தட்டில் ஒரு முருகன் படம், அதுதான் எங்கள் கோயில். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிக் கடதாசியில் சுற்றிப் படத்துக்கு முன்னால் வைத்து, மகனை ஒன்று எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. போகலாம் என்று அர்த்தம்.

"ரண்டிலையும் வெள்ளைப் பூதானே வச்சனீ?" என்றார் வீட்டுக்காரர்.

"சுவாமியோட விளையாடாதேங்கோ."

"நான் சுவாமியோட விளையாடேல்லை. உன்னைத்தான் கேக்கிறன்."

வேலையால் வந்ததும் குளித்துவிட்டு விளக்கேற்றுவது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். ஏழு வருசம் அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் வரவில்லை.

பாட்டு அன்ரி நல்ல உயரம். தோள் அகலம். நரைத்த தலைமயிரை ஒரு பென்சிலால் சுருட்டிக் குத்தியிருப்பார். பட்டணத்தில் ஒபராவில் பின்பாட்டுக் கூட்டத்தோடு நின்று கனகாலம் பாடினவர். ஒபரா என்பது எங்கள் கூத்து மாதிரி, கதை முழுக்கப் பாட்டாகவே போகும். கலியாணம் கேட்பதும் பாட்டு, கடன் கேட்பதும் பாட்டு. குசினியில் இசைத்தட்டைப் போட்டுக் கதையை எனக்கு விளக்குவார். ஒருநாள் ஒரு கதையில் பெண்ணுக்குக் கத்திக்குத்து விழுந்துவிட்டது. அவள் விழுந்து கிடந்தபடி பாடுகிறாள், பாடுகிறாள், பாட்டு முடிகிற வழியைக் காணோம். நான் இரண்டு தட்டம் கிளாஸ் துடைத்து முடித்துவிட்டேன்.

"அன்ரி, சுத்தி நிக்கிற ஆக்கள் அவவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமாட்டினமோ?"

அவர் சிரித்த சிரிப்பில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த நாய் எழும்பி வெளியே போய்விட்டது.

"சுத்தி நிண்ட ஆக்களில நானும் ஒருத்தி. எத்தினை தரம் அப்பிடி நிண்டிருப்பன்! எங்கட வேலையே அதுதான். அவ சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்குமட்டும் அசையாமல் நிக்கிறது."

"கால் உளையாதோ?"

"உளையும். ஆனா ஆராவது நிக்கோணும்தானே."

அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் நின்றார். அடுப்பில் கேத்தல் தண்ணி கொதித்துக் கூவத் தொடங்கினால் கூவி முடியும்வரை பேச மாட்டார். விழாவுக்கு வருகிறவர்கள் பாடிப் பழகிக்கொண்டிருக்கும்போது வெளியே யூக்கலிப்ரஸ் மரத்தில் கூக்கபராப் பறவை கெக்கட்டம் விட்டுச் சிரிக்கத் தொடங்கினால், கையைக் காட்டிப் பாட்டை நிறுத்திவிடுவார். பறவை சிரித்து முடிந்த பிறகுதான் பாட்டு. பாடுகிற பிள்ளைகள் கண்ணால் ஆளையாள் பார்த்துக்கொள்வார்கள். என் மகள் ஒருநாள் அங்கே விழுந்து முழங்கால் உரசி அழுதாள். நான் ஓடிப்போய் "அழாதை, அழாதை" என்றேன். அன்ரி அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அழுகை தானாக ஓய்ந்ததும் "இப்ப எப்பிடி?" என்று கேட்டார். மகள் யோசித்துவிட்டு "பிஸ்கற் இருக்கா?" என்றாள்.

விழா வருசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழம் பறித்து முடிந்து வெயில் தணியும் பங்குனியில் நடக்கும். இடம், வைன் பீப்பாக்கள் அடுக்கியிருக்கும் கொட்டில். தடித்த கல்லுச் சுவர், உள்ளே எந்நேரமும் குளிர்ச்சி. ஐம்பது அறுபது கதிரை போடுவோம். ஐந்து பாட்டு, ஐந்து வைன். எந்தப் பாட்டுக்கு எந்த வைன் என்பதை முதலாளியும் அன்ரியும் குசினி மேசையில் இருந்து முடிவு செய்வார்கள். முதலாளி ஒரு போத்தலைத் திறந்து அன்ரிக்குக் கொஞ்சம் ஊற்றுவார். அன்ரி ஒரு வாய் எடுத்து விழுங்கிவிட்டு மெல்லிய குரலில் ஏதாவது பாடுவார். முதலாளி இல்லை என்று தலையை ஆட்டுவார். வேறு பாட்டு. அதுவும் இல்லை. சில நாள் பின்னேரம் முழுக்க அப்படிப் போகும்.

சோகமான பாட்டு ஒன்றுக்கு முதலாளி இனிப்பு வைனைக் கொண்டுவந்தார். அன்ரி கிளாஸைத் தள்ளிவைத்தார்.

"இது அழாதை எண்டு சொல்லுற மாதிரி இருக்கு. அழ விடோணும். கசக்கிறதைக் கொண்டாங்கோ."

விழாவுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். பாட்டு முடிந்ததும் கைதட்டக்கூடாது. முதலில் அந்தப் பாட்டுக்குரிய வைனை எல்லோருக்கும் ஊற்றுவார்கள். சத்தமில்லாமல் ஒரு வாய் குடிக்கவேண்டும். அது தொண்டையால் இறங்கின பிறகுதான் கைதட்டு. புதிதாக வருகிறவர்கள் மறந்துபோய்த் தட்டிவிடுவார்கள். அன்ரி ஒரு கையை உயர்த்துவார், அவ்வளவுதான். ஒருமுறை ஒருவரின் மனைவியே அவர் கையைப் பிடித்து மடியில் வைத்து அமுக்கிக்கொண்டதைக் கண்டேன்.

கிளாஸ் கழுவும்போது நான் தேவாரம் முணுமுணுப்பேன். ஒருநாள் பாடி முடித்துத் திரும்பினால் அன்ரி கதவடியில் தட்டத்தோடு நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"இதை விழாவில பாடுவீரோ?"

மறுத்தால் கோபிப்பாரோ என்று பயம். ஆனாலும் சொன்னேன். "அன்ரி, இது சுவாமிக்குப் பாடுறது. குடிக்கிற இடத்தில பாடமாட்டன்."

தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு "சரி" என்றார். அடுத்த நாளிலிருந்து கவனித்தேன். என் பாட்டுக் கேட்டால், கையிலிருக்கும் வைன் கிளாஸை யன்னலின் வெளித் திண்டில் வைத்துவிட்டுத்தான் குசினிக்குள் வருவார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இவ்வளவும் சொன்னேன். அவருடைய இந்தக் குணம் எனக்கு ஆத்திரம் வரவைத்த காலமும் இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

தோட்டத்துக்கு இரண்டு பக்கத்துக் காணியையும் வீடு கட்டி விற்கிற கொம்பனி ஒன்று வாங்கிவிட்டது. வெள்ளை முளைகள் அடித்துக் கயிறும் கட்டிவிட்டார்கள். நடுவில் நின்றது இந்தத் தோட்டம் மட்டும்தான். கொம்பனி ஆள் சப்பாத்து மினுங்க வந்தான். அன்ரி தேத்தண்ணி கொடுத்து எதிரே இருந்தார். அவன் ரோட்டு வருவதைச் சொன்னான், பள்ளிக்கூடம் வருவதைச் சொன்னான், கடை வருவதைச் சொன்னான். அன்ரி ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்க் கடைசியில் அவன் தன் தாய்க்குக் கண் தெரியாமல் வருவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். போகும்போது கொஞ்சம் தக்காளி கொடுத்துவிட்டார்.

ஆனால் முதலாளி மனம் மாறிவிட்டார். அவருக்கு முதுகு போய்விட்டது. குளிர்காலத்தில் கொடி வெட்டக் குனிந்தால் நிமிர முடியாது. பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு இரவுச் சாப்பாட்டுக்கும் அதே கதைதான் என்று இரவுச் சமையலுக்கும் நிற்கிற மோல்ற்றாக்காரி சொன்னாள். நானும் பகலில் கேட்டிருக்கிறேன்.

"வித்திட்டுப் போவம். கடலோரமா ஒரு சின்ன வீடு. எனக்கு ஏலாது. விழா முடிஞ்ச அடுத்த நாள் கொம்பனி ஆளை வந்து பதில் கேக்கச் சொல்லியிருக்கிறன்."

விற்றால் கொடியைப் பிடுங்குவார்கள், கொட்டிலை இடிப்பார்கள். கல்லுச் சுவருக்குள் பாட்டும் இல்லை, விழாவும் இல்லை. அந்தக் கொட்டிலுக்காகவே பட்டணத்தை விட்டு வந்தவர் அன்ரி. கலியாணம் பேச வந்த அன்றைக்கு அதற்குள் ஒரு முறை பாடிப் பார்த்துவிட்டுத்தான் முதலாளிக்குச் சம்மதம் சொன்னாராம். அப்படிப்பட்டவர் வாயே திறக்காமல் ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டில் வீட்டுக்காரர் ஒன்று சொல்ல வாயெடுக்க முதல் நான் மூன்று சொல்லிவிடுவேன். அன்ரியைத் தனியே பிடித்தேன்.

"ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்? வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்!"

"அவர் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

"ரண்டு மாசமாச் சொல்லுறார்!"

"ஓம். பெரிய வசனம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றிரவு முருகனுக்கு முன்னால் நின்று, 'அப்பனே, அந்த மனுசிக்குப் பேச வாயைக் குடு, இல்லாட்டி அந்த மனுசனுக்கு முதுகைக் குடு' என்று கேட்டேன். எதைக் கொடுப்பதும் அவன் விருப்பம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருசம்தான் பியானோ விசயம் நடந்தது.

முந்தின வருசம் வாடகைப் பியானோவை விழாவன்று காலையில் லொறியில் கொண்டுவந்தோம். வழியில் குலுங்கிச் சுருதி கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை மூன்று கிழமைக்கு முன்னமே கொண்டுவந்து கொட்டிலுக்குள் பீப்பாக்களின் பக்கத்தில் வைத்தார்கள்.

"வைன் போத்தலும் பயணம் செய்தால் கொஞ்ச நாள் பேசாமல் கிடக்க விடோணும்," என்றார் முதலாளி. "இதுவும் கிடக்கட்டும்."

"களைப்பு ஆறட்டும்," என்றார் அன்ரி. "ஒருத்தரும் தொடவேண்டாம்."

எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்தான். ஆனால் பீப்பாப் பலகை காய்ந்து வெடிக்கக்கூடாது என்று அந்தக் கொட்டில் தரைக்கு முதலாளி தினமும் தண்ணீர் அடிப்பார். வைனுக்கு ஈரம் வேண்டும். பியானோவும் மரம் என்பதையும் அந்த ஈரத்தை அதுவும் குடிக்கும் என்பதையும் ஒருவரும் யோசிக்கவில்லை. மூன்று கிழமை அதற்கு ஆசை தீரக் குடிக்கக் கொடுத்திருக்கிறோம்.

விழாவன்று காலை பியானோ வாசிக்கிறவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்ந்த மாஸ்ரர், கழுத்தில் வண்ணாத்திப்பூச்சி மாதிரி முடிந்த பட்டி, ரை. மூடியைத் திறந்து விரலை வைத்தார். நடுவில் உள்ள கட்டைகள் அமுங்கின. அமுங்கினவை எழும்பவில்லை. ஊறின உளுந்து மாதிரி வீங்கி ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன.

"இது குடிவெறியில கிடக்குது!" என்று கத்தினார். "உங்களுக்கு விசரோ? பியானோவைக் கொண்டுபோய் ஆராவது கிணத்துக்குள்ள வைப்பினமோ? நான் வீட்ட போறன். நாற்பது வருசம் வாசிக்கிறன், இப்பிடி ஒரு..."

முதலாளி கதிரையில் இருந்துவிட்டார். "முடிஞ்சுது," என்றார். "இதோட எல்லாம் முடிஞ்சுது. நல்லதாப் போச்சு." நல்லதாகப் போச்சென்று சொல்கிறவரின் முகம் மாதிரி அது இல்லை.

நான் அன்ரியைப் பார்த்தேன். பேசாமல் கிடக்க விட்டதால் வந்த வினை இது. இப்போதாவது இந்த மனுசி பதறுவார் என்று நினைத்தேன். அவர் மாஸ்ரர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மாஸ்ரர் அன்ரியைத் திட்டினார், ஈரத்தைத் திட்டினார், இந்த நாட்டில் சங்கீதம் படும் பாட்டைத் திட்டினார், வாடகைக்குக் கொடுத்தவனைத் திட்டினார். எல்லாம் திட்டி ஓய்ந்த பிறகு போவதற்கு எழும்பவில்லை. விரலால் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

"அமுங்கேக்க சத்தம் சரியாத்தான் வருது," என்று முணுமுணுத்தார். "எழும்பாமல் கிடக்கிறதுதான் கரைச்சல்."

"ஆராவது பக்கத்தில நிண்டு எழுப்பிவிட்டால் வாசிப்பீங்களோ?" என்று கேட்டார் அன்ரி.

"ஆர் நிக்கிறது? கொடியில மொட்டு ஒடிக்கிற மாதிரி, பட்டும் படாமலும் தட்டோணும். எருமை மாதிரி நிண்டு இழுத்தால் சரிவராது."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அந்தப் பக்கத்தில் மொட்டு ஒடிப்பதில் அவர் கைக்கு ஈடு இல்லை.

"நான் வைன் ஊத்திற ஆள்," என்றார் முதலாளி. விழாவுக்கு விழா அவர் கடைசிப் பீப்பாவுக்குப் பின்னால் நின்று போத்தல் திறந்து ஊற்றுவதோடு சரி. பாட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

"அப்ப வைனை ஆர் ஊத்திறது?" என்று பிறகு அவரே கேட்டார்.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மோல்ற்றாக்காரி காய்ச்சலாய்ப் படுத்திருந்தாள். வேறு ஆள் இல்லை. நான் கழுவுவதற்கு மட்டும்தான் பூக் கட்டிப் பார்த்தேன், ஊற்றுவதற்கு இல்லை. கண்ணை மூடி, 'முருகா, இது குடிக்கிறதில்லை, குடுக்கிறதுமில்லை, போத்தலைச் சரிக்கிறது மட்டும்தான்' என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன்.

ஆட்கள் வந்து நிறைந்தார்கள். மாஸ்ரர் வாசித்தார். முதலாளி ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்து நின்று, விழுந்த கட்டைகளைத் தடித்த விரலால் ஒவ்வொன்றாக எழுப்பினார். முன் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அன்ரி கையை உயர்த்தவில்லை, சிரித்து முடிய விட்டார். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

முதல் பாட்டு முடிந்தது. நான் ஊற்றினேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கிளாஸில் அரைவாசி கொடுக்கிற பழக்கம் எங்களிடம் உண்டா? விளிம்புவரை நிரப்பிக்கொண்டு போனேன். இரண்டாம் வரிசையில் ஒரு கிழவர் கண்ணை விரித்து "நீர் நூறு வருசம் இருக்கோணும்" என்றார். பியானோவடியிலிருந்து முதலாளி என்னைப் பார்த்த பார்வை! கட்டைகளை விட்டுவிட்டு வரவும் அவரால் முடியாது. அன்ரி மெல்ல என் காதடிக்கு வந்தார்.

"கால்வாசி போதும்."

"குறைய ஊத்தினால் ஆக்கள் என்ன நினைப்பினம், அன்ரி?"

"வைன் நல்லது எண்டு நினைப்பினம்."

மிச்சப் பாட்டுகளுக்கு மனமில்லாமல் கால்வாசி ஊற்றினேன்.

கடைசிப் பாட்டு அந்தச் சோகப் பாட்டு. பின்பாட்டுக் கூட்டத்தில் நிற்கும் ஒரு இளம் பெண் முதல் தடவையாகத் தனியே பாடினாள். பிரிந்துபோகிறவனைப் பார்த்து ஒருத்தி பாடுவது. மொழி எனக்குத் தெரியாது. ஆனால் திறந்த போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும், எப்போது முடியும் என்று காத்து நின்றதால் ஒவ்வொரு அடியையும் கேட்டேன். அன்றைக்குத்தான் அன்ரியின் வேலை எவ்வளவு கால் உளைகிற வேலை என்று எனக்குத் தெரிந்தது.

பாட்டின் நடுவில் பியானோ நின்றுவிட்டது. மாஸ்ரர் விரலை அடிக்கிறார், சத்தம் இல்லை. விழுந்த கட்டைகள் விழுந்தபடி கிடக்கின்றன. எழுப்பிவிடவேண்டியவர் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு பாடுகிற பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். முதலாளி மறந்துபோனார். மாஸ்ரர் முழங்கையால் இடித்தார், அதுவும் தெரியவில்லை.

அந்தப் பெண் திகைத்துப்போய் அன்ரியைப் பார்த்தாள். பின் வரிசையில் யாரோ பாவம் பார்த்துக் கைதட்டத் தொடங்கினார்கள். அன்ரியின் கை உயர்ந்தது. தட்டு நின்றது. அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை அசைத்தார், போ, போ என்று. அவள் மூச்சை இழுத்து, துணை ஒன்றும் இல்லாமல், அந்தக் கல்லுச் சுவரை மட்டும் நம்பிப் பாடினாள். சுவர் அவளைக் கைவிடவில்லை. கடைசி அடி முடிந்த பிறகும் எங்கேயோ பீப்பாக்களுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஊற்றினேன். ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் குடித்தார்கள். அதற்குப் பிறகு தட்டின தட்டில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஆட்கள் போன பிறகு, பொழுது சாய முன்னம், குசினி மேசையில் நாங்கள் நாலு பேர். மாஸ்ரர் ரையைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்திருந்தார். நான் கிளாஸ் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"மனுசா, ஏன் நீ கட்டையைத் தூக்கேல்லை?" என்று கேட்டார் மாஸ்ரர்.

"பாட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டன்," என்றார் முதலாளி. "அவ்வளவு கிட்ட நிண்டு நான் கேட்டதில்லை."

அன்ரி அவருக்குப் பாண் வெட்டிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை.

"நாளைக்குக் கொம்பனி ஆள் வருவான்," என்றார்.

அன்ரி பேசவில்லை.

"முதுகு முதுகுதான். அது நேராகாது."

அன்ரி வெண்ணெயை அவர் பக்கம் தள்ளிவைத்தார். எனக்கு வாய் துடித்தது. துவாயைக் கடிக்காத குறை.

"ரோட்டுப் பக்கத்துத் துண்டைக் குடுத்திடுவம். அதுக்குத்தான் என்னால ஏலாது. பின் பக்கம் மட்டும் எண்டால் என்ர கை சமாளிக்கும்." கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். பாணில் ஒரு துண்டைப் பிய்த்தார். "கொட்டில் பின் பக்கத்திலதானே நிக்குது."

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன், மனதுக்குள்.

"ஆனா ஒண்டு," என்றார் முதலாளி. "வாற வருசம் அந்தப் பியானோவை எங்கை..."

"எங்கட படுக்கை அறைக்குள்ள!" என்றார் அன்ரி.

முடிக்காத வசனத்தோடு முதலாளியின் வாய் திறந்தபடி நின்றது. அன்ரியின் கதிரை பின்னால் தள்ளுப்பட்டது. அன்ரி எழும்பிப் போய்விட்டார். உள்ளே கட்டில் இழுபடுகிற சத்தம் கேட்டது.